ஜீப்பின் சேஸில் கைவைக்கும் முன்: குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு

குலசேகரத்தில் எங்கள் வீட்டுத் தொழுவத்தை ஒட்டி ஒரு ஜீப் நாலு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நல்ல இன்ஜின், புது டயர், முன்பக்கம் வின்ச்கூட இருந்தது. ஆனால் ரோட்டில் இறக்க முடியாது. கேரளாவில் மலைப்பக்கம் ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. தமிழ்நாட்டு நம்பர் போடுவதற்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் டார்ச் லைட்டோடு குனிந்தார். பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் சேஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின் தண்டில் சாவி முனையை வைத்துச் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட்டும் அதன் அடியில் இருந்த பட்டிப் பூச்சும் உதிர்ந்ததும், உள்ளே விரல் கனத்தில் ஒரு வெல்டிங் தழும்பு தெரிந்தது. டேப்பை எடுத்து முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை பிடித்தார். அந்தத் தூரம்தான் வீல்பேஸ். ஆர்.சி. புக்கில் இருந்த வீல்பேஸைவிட ஏழரை அங்குலம் குறைவு. "இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது தம்பி" என்று டேப்பைச் சுருட்டிவிட்டார்.

அந்த டேப்பை வாங்குவதற்கு முன்பே நான் பிடித்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். இப்போது காடுமேடு ஏறி ஓட்டும் ஜீப் ஆசையோடு வருகிற பையன்கள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, சேஸ்ல வேலை பாக்கதுக்கு எங்க பர்மிஷன் வாங்கணும்?" பதில் கொஞ்சம் நீளம். அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் 52ஆம் பிரிவுதான் இந்த விஷயத்துக்கு அடிப்படை. வண்டியைத் தயாரித்த கம்பெனி முதலில் குறித்துக்கொடுத்த விவரங்களும் ஆர்.சி.யில் இருக்கும் விவரங்களும் முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். எது மாற்றம் என்பதற்கும் அந்தப் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது: வண்டியின் கட்டமைப்பில் செய்யும் மாற்றத்தால் அதன் அடிப்படை அம்சம் மாறினால் அது மாற்றம். சேஸை வெட்டுவது, நீட்டுவது, குறுக்குவது எல்லாம் இந்த விளக்கத்துக்குள் நேராகப் போய் விழும்.

ஊரில் பழைய டிரைவர்கள் வேறு கதை சொல்வார்கள். "அந்தக் காலத்துல நாங்க ஆர்.டி.ஓ.ட்ட எழுதிக் குடுத்து மாத்தியிருக்கோம்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய் இல்லை. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு இந்தப் பிரிவு வேறு மாதிரி இருந்தது. பதிவு அதிகாரியிடம் தெரிவித்து, ஒப்புதல் வாங்கி மாற்ற வழி இருந்தது. 2000க்குப் பிறகுதான் "தயாரிப்பாளர் குறித்த விவரம்" என்பது சட்டத்துக்குள் வந்து கதவு சாத்தப்பட்டது. ஆக, அந்தக் காலத்து ஜீப் ஒன்றில் மாற்றம் ஆர்.சி.யிலேயே முறையாகப் பதிவாகியிருந்தால் அந்த வண்டியின் கதை வேறு. அதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு நீங்கள் உங்கள் வண்டியை வெட்டினால் அது வேறு கதை.

மிச்சம் மீதி இருந்த சந்தேகத்தை 2019 ஜனவரி 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. வழக்கு நம் பக்கத்து மாநிலமான கேரளாவிலிருந்து போனது. எதிர்த்தரப்பின் பெயர் கே. ஜெயச்சந்திரா. கட்டமைப்பை மாற்றலாம் என்ற கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் ரத்து செய்தார்கள். தயாரிப்பாளர் குறித்த விவரத்தை மாற்றும்படியான எந்த வேலையும் கூடாது, மாநில விதிகளையும் இதற்கு உட்பட்டுத்தான் படிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதே 2019இல் வந்த திருத்தச் சட்டம் தண்டனையையும் கூட்டியது. 182ஏ பிரிவின் 4ஆம் உட்பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். லைட் ஒன்று, சைலன்சர் ஒன்று, சேஸ் ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் கூட்டிப் பார்க்க நமக்குத்தான் பயம் வரும்.

ஆகவே சேஸை வெட்டி ஒட்ட அனுமதி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், தனிநபருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிடைக்காது. மத்திய அரசு குறிப்பிட்ட நோக்கத்துக்காக விலக்கு கொடுக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. வார இறுதியில் சேற்றில் இறங்குவது அந்தக் கணக்கில் வராது. பெரிய கம்பெனிகள் புது நீளத்தில் ஒரு வண்டி கொண்டுவந்தால், மத்திய மோட்டார் வாகன விதி 126இன் கீழ் மாதிரி வண்டியைச் சோதனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குகிறார்கள். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐ.கேட், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு மையம் என்று அதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. மார்த்தாண்டத்து லேத் பட்டறையில் செய்த ஒற்றை வண்டிக்காக அந்தச் சோதனைகளுக்கெல்லாம் பணம் கட்டுவது நடக்கிற காரியம் இல்லை.

சரி, அப்படியானால் என்னதான் செய்யலாம்? நிறைய செய்யலாம். ஆனால் வரிசை முக்கியம்.

வரிசையில் முதல் வேலை: ஆர்.சி.யும் டேப்பும்

ஆர்.சி.யை எடுத்து மேசையில் வையுங்கள். பெயரையும் நம்பரையும் தவிர யாரும் மற்றதைப் படிப்பதில்லை. படியுங்கள். வண்டியின் வகை, பாடி வகை, தயாரித்த மாதமும் ஆண்டும், சிலிண்டர் எண்ணிக்கை, சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், இன்ஜின் கொள்ளளவு, வீல்பேஸ், இருக்கை எண்ணிக்கை, எரிபொருள், நிறம், வெறும் வண்டியின் எடை. நீங்கள் நினைத்திருக்கும் வேலை இதில் எந்த வரியைத் தொடுகிறது என்று பாருங்கள். ஒரு வரியைத் தொட்டாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகாமல் ஸ்பேனரை எடுக்கக்கூடாது.

அப்புறம் டேப். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இரண்டு பக்கமும் அளக்கவேண்டும். மஹிந்திராவின் புது 'தார்' மூன்று கதவு வண்டிக்கு 2,450 மில்லிமீட்டர் வரும். மாருதி ஜிம்னிக்கு 2,590. பழைய ஜிப்ஸி கிங் 2,375. பழைய சி.ஜே. 3பி வகை ஜீப்புக்கு 80 அங்குலம், அதாவது 2,032 மில்லிமீட்டர். உங்கள் அளவு ஆர்.சி.யோடு ஒத்துப்போகவேண்டும், இடதும் வலதும் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஓர் அங்குலம் வித்தியாசம் என்றால் ஒன்று விபத்தில் சேஸ் முறுக்கியிருக்கிறது, அல்லது யாரோ கைவரிசை காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, சேஸ் நம்பர். ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்தை நம்பர் மேல் ஒட்டிவைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். ஆர்.டி.ஓ. வேலைக்குக் கேட்கிற அதே சேஸ் பிரின்ட்தான். எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில் வருகிறதா பாருங்கள். ஒரு எண் மட்டும் தூக்கி நின்றாலோ, சுற்றிலும் கிரைண்டர் கோடு தெரிந்தாலோ அந்த வண்டியை விட்டு விலகிவிடுங்கள். பதிந்திருக்கும் சேஸ் நம்பரும் ஆர்.சி.யும் வேறுபட்டால் 55ஆம் பிரிவின் கீழ் பதிவையே ரத்து செய்ய அதிகாரம் உண்டு. அதற்கு மேல் போலீஸ் விவகாரம் வேறு.

கடற்கரைக்காரர்கள் கவனத்துக்கு

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஓடுகிற வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை. உப்புக்காற்று சேஸ் நம்பரையே தின்றுவிடும். மீன் பெட்டி ஏற்றுகிற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். உப்புத் தண்ணீர் வழிந்து சேஸ் தண்டின் உள்பக்கம் அப்பளமாக உதிரும். நம்பர் மங்கியதும் நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம் தகரக்கடையில் கொடுத்து எழுத்து அடித்துக்கொள்வதுதான். அதைப்போல ஆபத்து வேறில்லை. நல்ல எண்ணத்தில் அடித்தாலும் திருட்டு வண்டியில் அடித்த மாதிரிதான் தெரியும். நம்பர் பாதி தெரியும்போதே பிரின்ட் எடுத்து, போட்டோ எடுத்து, ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்துமூலம் கொடுங்கள். திரும்பப் பதிக்க அவர் உத்தரவு போட்டால் மட்டும், அவர் சொல்கிற முறையில், அவர் கண்முன் பதியவேண்டும்.

வருமுன் காக்க வேண்டுமானால் நம்பர் பகுதியைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் பூசி வையுங்கள். என் சித்தப்பா வண்டிக்கு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைச் செய்வார். இருபது வருட வண்டியில் நம்பர் நேற்று அடித்தது போல இருக்கிறது.

தண்டு நிஜமாகவே துருப்பிடித்துப் போனால் அதே மாடலுக்கான முழுச் சேஸை கம்பெனியிடமிருந்து வாங்கி மாற்றுவதை யோசிக்கலாம். இங்கே அளவு மாறவில்லை, நம்பர்தான் மாறுகிறது. எனவே முன்கூட்டியே விண்ணப்பம், கம்பெனி பில், பழைய சேஸை என்ன செய்தீர்கள் என்பதற்குச் சான்று, நேரடி ஆய்வு எல்லாம் தேவைப்படும். ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) கிடைத்த சேஸைப் போட்டு, பழைய நம்பர் துண்டை வெட்டி ஒட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வெட்டினால் என்ன ஆகும்

சட்டத்தை விட்டுவிடுவோம். "மக்கா, பெயின்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்?" என்று ஒரு மெக்கானிக் என்னிடமும் கேட்டிருக்கிறார். இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல் போகலாம். கீரிப்பாறைக் கல்வழியில் இறங்கும்போது இரும்புக்குத் தெரியும்.

தார், கூர்க்கா, ஜிம்னி, ஜிப்ஸி எல்லாமே ஏணி மாதிரிச் சேஸ் கொண்டவை. இரண்டு நீளத் தண்டு, நடுவே குறுக்குச் சட்டங்கள். வண்டி வளையும்போது தண்டின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும்தான் அதிக இழுவையையும் அழுத்தத்தையும் தாங்குகின்றன. நடுப்பகுதியில் அது குறைவு. அதனால் விளிம்பில் போடுகிற ஒரு ஓட்டை, நடுவில் போடுகிற ஓட்டையைவிட எத்தனையோ மடங்கு கெடுதல். தண்டைக் குறுக்கே நேராக அறுத்து ஒட்டினால் கேட்கவே வேண்டாம். வெல்டிங் சூடு பட்ட இடத்தை ஒட்டி இரும்பின் குணமே மாறிவிடும். ஒரு பட்டை கடினமாகும், பக்கத்துப் பட்டை இளகும். விரிசல் தொடங்குவது பெரும்பாலும் ஒட்டிய கோட்டில் இல்லை, அதன் ஓரத்தில். நான் வாங்கிய ஜீப்பில் தழும்புக்கு அரை அங்குலம் தள்ளி மயிரிழை போல ஒரு கீறல் இருந்தது. நகத்தால் தடவினால் சிக்கும்.

வீல்பேஸ் குறைந்தால், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நிற்கும் கோணம் கூடும், அதன் மூட்டான யூ.ஜே. கிராஸ் சீக்கிரம் போகும். ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கும். பின்பக்க நீட்டலுக்கும் (பின்சக்கர நடுவுக்குப் பின்னால் பாடி நீள்கிற அளவு) கணக்கு இருக்கிறது: விதி 93இன்படி அது வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2,400 மில்லிமீட்டர் வீல்பேஸுக்கு 1,440 வரை அனுமதி. அதை 2,100 ஆகக் குறுக்கினால் அனுமதி 1,260 ஆகிவிடும். நீட்டல் அதற்கு மேல் இருந்தால், பின்பாடியைத் தொடாமலேயே இன்னொரு விதியை மீறியிருப்பீர்கள்.

வெட்டாமல் செய்கிற வேலைகள்

டயரைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுக்கிற அளவுகளுக்குள் நின்றால் தலைவலி இல்லை. தாருக்கு 245/75 ஆர் 16, 255/65 ஆர் 18 என்று இரண்டு அளவிலும் கம்பெனியிலேயே வருகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது பெரிய விஷயமில்லை. ஜிம்னிக்கு 195/80 ஆர் 15. அதைக் கழற்றி 235/75 ஆர் 15 போட்டால் டயர் விட்டம் 693இலிருந்து சுமார் 733 மில்லிமீட்டராகக் கூடும், ஏறக்குறைய ஆறு சதவீதம். மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63, 64இல் போய்க்கொண்டிருப்பீர்கள். பிரேக்குக்கும் கூடுதல் வேலை. ரிம்மிலிருந்து டயர் வெளியே துருத்தினால் சோதனையில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

சஸ்பென்ஷன் உயரம் ஏற்றுவது இரண்டுங்கெட்டான் விஷயம். ஆர்.சி.யில் உயரம் இல்லை என்று லிஃப்ட் கிட் விற்பவர்கள் சொல்வார்கள். ஆனால் அடிப்படை அம்சம் மாறிவிட்டதா என்று தீர்மானிப்பவர் ஆய்வாளர், கடைக்காரர் இல்லை. தேய்ந்த லீஃப் பட்டைக்குப் பதில் அதே அளவில் புதுக் கட்டு, கம்பெனி தருகிற ஷாக் அப்சார்பர் என்றால் அது பழுதுபார்ப்பு. சேஸில் புதுப் பிராக்கெட் வெல்டிங் செய்து நாலு அங்குலம் தூக்கினால் அது மாற்றம். என் கருத்தில், சேஸில் புதிதாக ஓட்டை போடாமல், வெல்டிங் இல்லாமல், கழற்றினால் பழையபடி ஆகிவிடக்கூடிய வேலையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அதுவும் முழுப் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. கேட்டால் கழற்றிக் காட்டலாம், அவ்வளவுதான்.

முன்பக்க இரும்பு பம்பர் வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டுகள் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்துபோகிறவர் மேல் பட்டால் எலும்பு மிஞ்சாது. ஏர்பேக் உள்ள வண்டியில் அது விரியும் நேரத்தையும் கெடுத்துவிடும். கூரைமேல் வரிசையாக லைட் போட்டு களியக்காவிளையைத் தாண்டிக் கேரளாவுக்குள் போவதும் வேண்டாம். அந்தப்பக்கம் மோட்டார் வாகனத்துறை இதற்கென்றே கண் வைத்திருக்கிறது.

நிறம் மாற்றுவது, சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கிட் போடுவது, மின்சார வண்டியாக மாற்றுவது, அதே வகை இன்ஜினை மாற்றுவது, மாற்றுத்திறனாளிகளுக்காகக் கைக்கட்டுப்பாடு வைப்பது: இவற்றுக்குச் சட்டத்தில் வழி உண்டு. கிட் என்றால் ஒப்புதல் பெற்ற கிட்டாகவும், அங்கீகாரம் உள்ள இடத்தில் பொருத்தியதாகவும் இருக்கவேண்டும்.

வழி உள்ள வேலைக்கு ஒப்புதல் வாங்குவது

நீங்கள் குடியிருக்கிற இடத்துக்கு உரிய அலுவலகம்தான் கணக்கு. நம் மாவட்டத்தில் டி.என். 74 நாகர்கோவில், டி.என். 75 மார்த்தாண்டம். வண்டி முதலில் வேறு ஊரில் பதிவாகியிருந்தாலும் பரவாயில்லை. இங்கே பதியும் மாற்றத்தை அந்த அலுவலகத்துக்குத் தெரிவிப்பது அவர்கள் வேலை.

வேலைக்கு முன்பே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "ஜீப்பை மாடிஃபை பண்ண அனுமதி வேண்டும்" என்று எழுதினால் ஒரு வார்த்தையில் முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். என்ன பாகம், என்ன அளவு, யார் தயாரிப்பு, எப்படிப் பொருத்தப்படும், ஆர்.சி.யில் எந்த வரி மாறும் என்று விவரமாக எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக "பண்ணிக்கோங்க" என்று யார் சொன்னாலும் அது அனுமதி இல்லை.

விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான சேவையில் பதியலாம். கையில் வேண்டியவை: ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, சேஸ் பிரின்ட், பாகங்களின் ஜி.எஸ்.டி. பில், கிட் என்றால் அதன் ஒப்புதல் சான்று, பொருத்தியவரின் சான்று. வண்டி மேல் கடன் இருந்தால் வங்கியின் எழுத்துமூலமான சம்மதம். இதை மறந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு சம்மதக் கடிதத்துக்காக இரண்டு வாரம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அனுமதி கிடைத்த பிறகு வேலை, வேலைக்குப் பிறகு ஆய்வு. ஆய்வுக்குப் போகிற அன்று அடிப்பாகத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டு போங்கள். சேறு அப்பிய வண்டியைப் பார்த்தால் எதையோ மறைக்கிறோம் என்றுதான் தோன்றும். ஏற்கெனவே அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றியிருந்தால் பதினான்கு நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவிக்கவேண்டும் என்று அதே 52ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தம் இல்லை. தெரிவிக்காமல் இருப்பது இன்னொரு தப்பு, அவ்வளவே.

கே.எல். வண்டி வாங்குகிறவர்களுக்கு

நம் ஊரில் பழைய ஜீப் பாதி கேரளாவிலிருந்துதான் வருகிறது. விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து தடையில்லாச் சான்று படிவம் 28இல் வாங்கி, இங்கே படிவம் 27இல் புது நம்பருக்கு விண்ணப்பிக்கவேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இது கட்டாயம். தமிழ்நாட்டு வரியும் கட்டவேண்டும். அந்த ஆய்வில்தான் நான் மாட்டினேன்.

பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதும் இதே ஆய்வு. படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, தேறினால் ஐந்து வருடம் நீட்டிப்பு. யாரும் கேட்காமல் பத்து வருடம் ஓட்டிய வெட்டுச் சேஸ் வண்டி அன்றைக்குத்தான் அகப்படும். விற்றவர் போனை எடுக்கமாட்டார்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் வண்டியை ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் ஏற்றி, டார்ச்சும் டேப்பும் சுரண்ட ஒரு பழைய சாவியும் எடுத்துப் போங்கள். விற்பவர் மறுத்தால் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

தோட்டத்துக்குள் ஓட்டினால்?

"ரப்பர் தோட்டத்துக்குள்ளதானே ஓட்டப்போறோம், எவன் கேக்கப்போறான்" என்பது இங்கே எல்லார் வாயிலும் வருகிற வாதம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 39ஆம் பிரிவைப் படித்தால், பதிவில்லாத வண்டியைப் பொது இடத்திலோ "வேறு எந்த இடத்திலுமோ" ஓட்டக்கூடாது என்று இருக்கிறது. பதிவு உள்ள வண்டியை மாற்றினால் 52ஆம் பிரிவு எந்த இடம் என்றே கேட்பதில்லை. மூடிய வளாகத்துக்குள் மட்டும் பயன்படும்படி தனியாகச் செய்த வண்டிகளுக்குச் சட்டத்தின் விளக்கத்தில் விலக்கு இருக்கிறது. சந்தைக்கும் போகிற ஜீப் அதில் சேராது.

போட்டிகளுக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? அதற்கென்று தனி வண்டி வைத்து, லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றிக்கொண்டு போய் மைதானத்தில் இறக்குகிறார்கள். மோட்டார் பந்தயங்களை நம் நாட்டில் கட்டுப்படுத்துவது எஃப்.எம்.எஸ்.சி.ஐ.; அதன் லைசென்ஸ், பாதுகாப்பு விதி எல்லாம் தனி. அந்த லைசென்ஸை ரோட்டில் நீட்டிப் பயன் இல்லை. புதிதாக வருகிறவர் முதல் இரண்டு வருடம் கம்பெனி வண்டியை அப்படியே ஓட்டிப் பழகுவதுதான் நல்லது. பாதி ஏற்றங்களை டயரில் காற்றைக் குறைத்தும், லைன் (சக்கரம் போகவேண்டிய தடம்) பார்த்தும் ஏறிவிடலாம். இன்னொன்று: காளிகேசம், கோதையாறு பக்கம் காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி தனியாக வேண்டும், ஆர்.சி. சுத்தமாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடைசி வேலை: இன்சூரன்ஸ்

ஆர்.சி.யில் மாற்றம் பதிந்ததும் அதன் நகலோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும். கொடுங்கள். சொல்லாமல் மறைத்த மாற்றம் விபத்தன்று வெளியே வந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை அவர்கள் தள்ளுபடி செய்ய வாய்ப்பு அதிகம். அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் சொல்வதும் உண்டு. அப்படி ஒரு தொகை வந்தால் வீட்டு ஆதாரம் (பத்திரம்)தான் போகும்.

முத்திரை வாங்கிய விண்ணப்ப நகல், ஒப்புதல், பில்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். அசல் வீட்டில் இருக்கட்டும். நம் ஊர் மழைக்கு ஜீப் டேஷ்போர்டில் வைத்த காகிதம் ஒரு ஆடி மாதம்கூடத் தாங்காது.

என் ஜீப்பை நாலாவது வருடம் ஆர்.சி. ரத்துக்குக் கொடுத்து, பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பினேன். லாரி வாடகை போக கையில் வந்த பணத்தில் ஒரு நல்ல இரும்பு டேப் வாங்கினேன். மிச்சத்தில் அடுத்த வண்டிக்கு இரண்டு டயர் வாங்கினேன்.